இலை வெள்ளையா, மஞ்சளா? கரிசல் காட்டில் ஒரு இன்ஃப்ராரெட் கேமரா

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடு ஒரு சின்னக் கேள்வியைப் பத்தி. மரங்களை இன்ஃப்ராரெட்ல படம் எடுக்கிறோம். எடுத்த படத்தைக் கலர்ல வைக்கிறதா, கருப்பு வெள்ளையில வைக்கிறதா?

கேட்டா ஏதோ ஆப்ல ஃபில்டர் மாத்துற விவகாரம் மாதிரி இருக்கும். அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி பக்கம் ரெண்டு கோடையா இந்தக் கேமராவைத் தூக்கிட்டு அலைஞ்சதுல, இந்தக் கேள்வி எனக்கு வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சிருக்கு. படத்தைப் பார்க்கிறவர் எதை நம்பிட்டுப் போவார் என்கிறதுதான் இதுல இருக்கிற விஷயம்.

அந்தப் பக்கம் போகாதவங்களுக்காக ஒரு நிமிஷம். விருதுநகர் மாவட்டம், மதுரைக்குத் தெற்கே. அருப்புக்கோட்டைன்னா தறி, நூல் மில், மல்லிகைப் பூ. திருச்சுழி குண்டாற்றங்கரையில இருக்கிற கோயில் ஊர். ரமண மகரிஷி 1879ல பிறந்தது அங்கேதான். சுத்தியும் கரிசல், இடையிடையே செவல், நிறைய கண்மாய். மரம்னு பார்த்தா பனை, வேம்பு, புளி, குடை விரிச்ச மாதிரி தலை தட்டையா நிற்கிற உடை மரம். அப்புறம் திரும்புற பக்கமெல்லாம் சீமைக் கருவேலம். மழை வர்றது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில. சித்திரை வைகாசியில கேமராவோட போய் நின்னா, "இங்க என்னத்தப்பா படம் எடுக்கப் போற?"ன்னுதான் கேட்பாங்க.

இன்ஃப்ராரெட்டுக்கு அந்த சித்திரை வைகாசிதான் வேணும். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் இயற்பியல்.

நம்ம கண்ணு பார்க்கிற ஒளி சுமாரா 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும். அதுக்கு மேலே போனா அகச்சிவப்பு. ஸ்கூல் புத்தகத்து வார்த்தைதான். இதுல ஒரு குழப்பத்தை முதல்லயே தீர்த்துடலாம். அகச்சிவப்புன்னதும் உடம்புச் சூட்டைக் காட்டுற கேமரா ஞாபகம் வரும். அது வேற. சூட்டைப் பார்க்கிற கேமரா பத்து மைக்ரோமீட்டரைச் சுத்தின அலைகளைப் பார்க்குது, அதாவது 10,000 நானோமீட்டர் அளவுல. நாம பேசுறது 700ல இருந்து 1000 வரைக்கும், சிவப்புக்கு அடுத்த வீட்டுல இருக்கிற ஒளி. மரத்துமேல பட்டுத் தெறிச்சு வர்ற வெயில்தான் இதுவும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கேமராவுக்குத் தெரியும். சிலிக்கான் சென்சார் 1000 நானோமீட்டரைத் தாண்டியும் கொஞ்ச தூரம் பார்க்கக்கூடியது. பார்த்தா சாதாரணப் படத்தோட நிறம் கெட்டுப்போகும் என்கிறதுக்காகத்தான், சென்சார் முன்னாடி அகச்சிவப்பைத் தடுக்கிற கண்ணாடி ஒண்ணை வைக்கிறாங்க. டிவி ரிமோட்டை உங்க போனோட முன் கேமராவுக்கு நேரா வெச்சு ஒரு பட்டனை அமுக்கிப் பாருங்க. நிறைய போன்ல ஊதா நிறத்துல ஒரு பொட்டு மின்னும். தடுப்பைத் தாண்டிக் கசியிற அகச்சிவப்பு அது.

இலைக்கு வருவோம். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் தின்னுடும், பச்சையைக் கொஞ்சம் விட்டுவைக்கும். அதனால இலை பச்சையாத் தெரியுது. 700ஐத் தாண்டினதும் பச்சையத்துக்கு அந்த ஒளியில வேலை இல்லை. இலைக்குள்ள பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு இருக்கு, செல்லும் காத்துமா. உள்ளே போன அகச்சிவப்பு அந்த செல் சுவர்கள்ல மோதி மோதிச் சிதறி வெளியே வந்துடும். சிவப்பு ஒளியில நூத்துக்கு அஞ்சு கூடத் திருப்பித் தராத இலை, அகச்சிவப்புல பாதியைத் திருப்பி அனுப்பும். அதனால இன்ஃப்ராரெட் படத்துல இலை பளீர்னு வெள்ளையா வருது. 1910ல அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் முதல்முதலா இந்த மாதிரி நிலக்காட்சிகளை எடுத்து வெளியிட்டார். இதை 'வுட் விளைவு'ன்னு சொல்றது அவர் பேர்ல. மரத்தைக் குறிக்கிற வுட் இல்லைங்க, நானும் முதல்ல அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.

இப்ப சித்திரை வெயிலுக்கு வரலாம். சாதாரணமா போட்டோகிராபர் யாரும் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கேமராவை வெளியே எடுக்க மாட்டாங்க. வெளிச்சம் அறையும், நிழல் கருகும், இலை எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். இன்ஃப்ராரெட்ல அதெல்லாம் நமக்குச் சாதகம். மேகம் இல்லாத வானம் இருண்டுபோகும். இலை உள்ளிருந்தே எரியிற மாதிரி இருக்கும். தண்ணி அகச்சிவப்பை விழுங்கிடும், அதனால கண்மாயில கொஞ்சம் தண்ணி கிடந்தாலும் தார் ஊத்தின மாதிரி கருப்பா வரும். கரிசல் மண்ணு அகச்சிவப்புலயும் கரிசல்தான், கருமையை விட்டுக்கொடுக்காது. செவல் வெளிறிடும்.

சேர்த்து யோசிச்சுப் பாருங்க. கருத்த வானம், கருத்த மண்ணு, நடுவுல வெள்ளை மரம். நடுவுல இருக்கிற சாம்பல் ஷேடு ரொம்பக் கம்மி. கருப்பு வெள்ளை இன்ஃப்ராரெட்டுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச நிலம். ஊட்டியில இது வராது. அங்கே தரையும் புல்லு, மலையும் மரம், எல்லாமே வெளுத்துப்போய் படம் முழுக்க மாவு கொட்டின மாதிரி ஆகிடும். கரிசல்ல தனியா நிற்கிற ஒத்தை உடை மரம் அவ்வளவு துல்லியமா வெட்டி எடுத்து வெச்ச மாதிரி நிற்கும்.

அப்ப கருப்பு வெள்ளைதானே, பேச்சு முடிஞ்சுதேன்னு கேட்கலாம். முடியலை. ஆனா அதுக்கு முன்னாடி, கலர்னு சொல்றமே, அந்தக் கலர் எங்கிருந்து வருதுன்னு பார்த்துடணும்.

அகச்சிவப்புக்கு நிறமே கிடையாது. நிறம் என்கிறது நம்ம கண்ணோட வேலை. கண்ணு பார்க்காத ஒண்ணுக்கு 'சரியான' நிறம்னு எதைச் சொல்றது? கேமராவுல நடக்கிறது இதுதான். சென்சார் மேல ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு சின்னச் சின்ன வடிகட்டி இருக்கு. கோடாக்ல வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976ல காப்புரிமை வாங்கின அமைப்பு. இன்னைக்கு உங்க போன்லயும் அதுதான். இந்தச் சாயங்கள் கண்ணுக்குத் தெரியிற ஒளியைப் பிரிக்கத்தான் செஞ்சது. அகச்சிவப்பு வந்தா மூணுமே கொஞ்சம் கொஞ்சம் கசிய விடும். 720 நானோமீட்டர் பக்கத்துல சிவப்புச் சாயம் அதிகமா விடும், மத்த ரெண்டும் கம்மியா விடும். 850ஐ நெருங்கிட்டா மூணும் ஒரே அளவு. அதனாலதான் 850 ஃபில்டர் போட்டா கருப்பு வெள்ளையைத் தவிர வேற வழி இல்லை. மூணு சேனல்லயும் ஒரே படம்.

ஆக, இன்ஃப்ராரெட் கலர்ங்கிறது சாயத்தோட கசிவு. நம்ம பாஷையில சொன்னா, ஒரு பக்கை எடுத்து ஃபீச்சர்னு பேர் வெச்சிருக்கோம்.

720 ஃபில்டர்ல எடுத்த படம் கேமராவுல இருந்து வரும்போது முழுக்க ரத்தச் சிவப்பா இருக்கும். பச்சை இலையைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வெச்சா இலை வெள்ளையாகும், வானம் பழுப்பாகும். அதுக்கப்புறம் எல்லாரும் ஒரு வேலை பண்ணுவாங்க: சிவப்புச் சேனலையும் நீலச் சேனலையும் இடம் மாத்துறது. அர்ரேல ரெண்டு இண்டெக்ஸை ஸ்வாப் பண்றதுதான், ஒரு வரி கோடு. பழுப்பு வானம் நீல வானமாகிடும். நீல வானம், வெள்ளை இலை. நீங்க இன்ஸ்டாகிராம்ல பார்த்திருக்கிற இன்ஃப்ராரெட் படங்கள்ல பாதி இதுதான்.

இன்னும் கீழே இறங்கி 590 ஃபில்டர் போட்டா, ஆரஞ்சும் சிவப்பும் அகச்சிவப்போட சேர்ந்து உள்ளே வரும். சேனல் மாத்தினா இலை தங்க மஞ்சள். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வரணும்.

எங்க சித்தப்பாவுக்குத் திருச்சுழி பக்கம் கொஞ்சம் நிலம், வரப்புல வரிசையா பனை. அந்த வரிசையைக் கருப்பு வெள்ளையில எடுத்துப் பெருசா பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பத்தா முதல்ல வாங்கிப் பார்த்தாங்க. ஓரத்துல இருந்த வேம்பைத் தொட்டு, "ஏய்யா, வேப்பமரத்துக்கு நரை விழுந்துருச்சா?"ன்னாங்க. இன்ஃப்ராரெட் படத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் எங்கேயும் கேட்டதில்லை. சித்தப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தாம்பா இருக்கு. எல்லாம் வெள்ளையா இருக்கே, இதுல பட்ட மரம் எது, பச்ச மரம் எது?"

அந்த வரிசையில ரெண்டு பனை பட்டுப்போய் நிக்குது. கொண்டை காய்ஞ்சு சரிஞ்சிருக்கு. நேர்ல பார்த்தா எந்தக் குழந்தையும் சொல்லிடும். படத்துல தெரியலை. ஏன்னா காய்ஞ்ச ஓலையும் அகச்சிவப்பை நல்லாவே திருப்பி அனுப்பும். காய்ஞ்ச புல்லு, வைக்கோல், சருகு எல்லாமே அப்படித்தான். இலைக்கும் சருகுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இருக்கிறது சிவப்பு ஒளியில. பச்சை இலை சிவப்பைத் தின்னுடும், சருகு திருப்பி அனுப்பும். அந்த சிவப்பைத்தான் ஃபில்டர் போட்டு நாம வெட்டி எறிஞ்சிட்டோம். காவோலை விழுறதைப் பார்த்துக் குருத்தோலை சிரிச்சதுன்னு ஒரு பழமொழி இருக்கே, கருப்பு வெள்ளை இன்ஃப்ராரெட்ல யாரைப் பார்த்து யாரு சிரிக்கிறது? ரெண்டும் ஒரே வெள்ளை.

வேற ஊருன்னா இது பெரிய விஷயம் இல்லை. இங்கே ஒரு மரம் உயிரோட இருக்கா, போயிடுச்சா என்கிறதுதான் கோடைக்கோடை மக்கள் பார்க்கிற முதல் விஷயம். அந்தத் தகவலையே அழிச்சிட்டு, மிச்சத்தை அழகாக் காட்டுற ஒரு டெக்னிக்கை அந்த ஊர் மரத்து மேலயே பிரயோகிக்கிறோம். சித்தப்பா கேட்டது சரியான கேள்வி.

அடுத்த தடவை அதே வரிசையை 590ல எடுத்தேன். இப்ப சிவப்பு ஒளியும் உள்ளே வருது இல்லையா? நீலச் சாயத்துக்குப் பின்னாடி இருக்கிற பிக்சல் ஆரஞ்சு, சிவப்பை விடாது, அகச்சிவப்பை மட்டும் கசிய விடும். சிவப்புச் சாயம் ரெண்டையும் விடும். பச்சை ஓலையில சிவப்பு கம்மி, அகச்சிவப்பு ஜாஸ்தி. காவோலையில ரெண்டுமே ஜாஸ்தி. இந்த வித்தியாசம் சேனல்களுக்கு நடுவுல பதிவாகிடுது. சேனல் மாத்தினதும் உயிரோட இருக்கிற கொண்டையெல்லாம் மஞ்சள். பட்ட மரத்தோட கொண்டை மஞ்சள் ஏறாம வெளிறி, லேசா நீலம் தட்டி நிக்குது. ஒரே மரத்துல கூட மேலே மஞ்சள் கொண்டை, கீழே கழுத்தைச் சுத்தித் தொங்குற காவோலை சாம்பல் நிறம்னு தனியாத் தெரியுது.

அதாவது பொய்யான நிறம் ஒரு உண்மையைச் சொல்லுது. பொய் இல்லாத கருப்பு வெள்ளை அதை மறைக்குது.

இதுக்கு ஒரு வரலாறு இருக்கு, நம்ம பக்கத்து வீட்டு வரலாறு. கேரளத்துல தென்னைக்கு வேர் வாடல்னு ஒரு நோய். 1970ல பி.ஆர். பிஷாரடி என்கிற இயற்பியலாளர், பாலக்காடு பக்கம் கொல்லங்கோட்டுக்காரர், ஹெலிகாப்டர்ல இருந்து தென்னந்தோப்புகளைப் படம் எடுக்கிற ஒரு சோதனையை நடத்தினார். பயன்படுத்தினது இன்ஃப்ராரெட் கலர் ஃபிலிம். அந்த ஃபிலிம்ல நல்ல இலை சிவப்பா வரும். நோய் பட்ட மரத்துல அந்தச் சிவப்பு மாறும். தோப்புக்குள்ள நடந்து ஒவ்வொரு மரமா அண்ணாந்து பார்க்கிறதுக்குப் பதிலா மேலே இருந்து நிறத்தைப் பார்த்துச் சொல்லிடலாமா என்கிறதுதான் கேள்வி. இந்தியாவுல தொலையுணர்வுத் துறைக்கு ஆரம்பமா இந்தத் தென்னை மரங்களைத்தான் சொல்றாங்க. பிஷாரடியை அந்தத் துறையோட தந்தைன்னும் சொல்றாங்க. 1988 மார்ச் 17ல ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் போனதுக்கு அப்புறம் நம்ம ஊரு காடு, கண்மாய், பயிர் எல்லாம் அதே மாதிரி பொய் நிறத்துல பதிவாக ஆரம்பிச்சுது. அகச்சிவப்பைச் சிவப்பா, சிவப்பைப் பச்சையா, பச்சையை நீலமா ஒரு படி தள்ளி வைப்பாங்க. அந்தப் படத்துல ஒரு இடம் ரத்தச் சிவப்பா இருந்தா அங்கே செழிப்பா இலை இருக்குன்னு அர்த்தம்.

அந்த ஃபிலிமோட மூலமும் சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போர்ல மறைவிடம் கண்டுபிடிக்கிறதுக்காகக் கோடாக் உருவாக்கினது. பீரங்கி மேல பச்சைப் பெயிண்ட் அடிச்சு, வலை போட்டு மூடி வெச்சா கண்ணுக்கு இலை மாதிரியே இருக்கும். இந்த ஃபிலிம்ல நிஜ இலை சிவப்பு, பெயிண்ட் வேற நிறம். பின்னாடி ஏரோகுரோம்னு பேர் வந்துச்சு. டிஜிட்டல் வந்ததும் செத்துப்போச்சு. அயர்லாந்துக்காரர் ரிச்சர்ட் மாஸ், கையில கிடைச்ச அந்த வகை ஃபிலிமை எடுத்துட்டு காங்கோ போர் நடக்கிற காட்டுக்குள்ள போனார். மலையெல்லாம் பபுள்கம் பிங்க், அதுக்கு நடுவுல துப்பாக்கியோட ஆளுங்க. 2013ல வெனிஸ் கலைக் கண்காட்சியில அயர்லாந்து சார்பா வெச்சது அந்த வேலைதான். போரை அழகாக்கிட்டார்னு திட்டினவங்களும் உண்டு. நான் அந்தக் கட்சியில இல்லை. அந்த பிங்க்கைப் பார்த்து யாரும் காங்கோ காடு இப்படித்தான் இருக்கும்னு நம்ப மாட்டாங்க. 'இது பொய் நிறம், உஷார்'னு அந்தப் படமே கத்துது.

நீல வானம், வெள்ளை இலை படத்துல எனக்கு இருக்கிற பிரச்சினை இங்கேதான். அது கத்துறதில்லை.

ஒரு தூர்ந்துபோன கண்மாய். தண்ணி இல்லை, உள்ளே முழுக்க சீமைக் கருவேலம். அந்த மரத்தோட கதை உங்களுக்குத் தெரியும்: தென்னமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்து மரம், வேர் ஆழமாப் போகும், எந்தக் கோடையிலயும் பச்சையா நிற்கும், கண்மாயைப் பிடிச்சா விடாது. 2017ல மதுரை உயர் நீதிமன்றக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டு ஊரெல்லாம் அதே பேச்சா இருந்துச்சு. அதே சமயம் அந்த மரத்தை வெட்டி, கரி மூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் இந்தப் பக்கத்துல ஏராளம். நல்லது கெட்டது ரெண்டும் சேர்ந்த மரம்.

அந்தக் கண்மாயை 720ல எடுத்து, சேனல் மாத்தி, நீல வானம் வெச்சு ஆபீஸ்ல காட்டினா என்ன நடக்கும்? "செம்ம ப்ரோ, காஷ்மீரா?" அப்படின்னாங்க, நிஜமாவே. வானம் நீலமா இருக்கிறதால மூளை மத்ததையும் நம்பிடுது. வானம் சரியான நிறம், அப்ப மரத்து மேல இருக்கிற வெள்ளையும் நிஜம், அப்ப அது பனி. செத்துக்கிட்டிருக்கிற ஒரு கண்மாய், அஞ்சு செகண்ட்ல டூரிஸ்ட் ஸ்பாட். பாதி உண்மையான நிறம் முழுப் பொய்யைவிட வேகமா ஏமாத்தும்னு எனக்கு அப்ப உறைச்சுது.

அதே படத்தைக் கருப்பு வெள்ளையில காட்டினா யாரும் காஷ்மீர்னு சொல்லலை. "இது என்ன மரம், ஏன் இப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. கருப்பு வெள்ளைன்னாலே நிறத்தைப் பத்தி எந்த வாக்குறுதியும் கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். நூறு வருஷத்துக்கு மேல பழகின ஒப்பந்தம் அது.

இதை வெச்சுத்தான் நான் இப்ப முடிவு எடுக்கிறேன். ஒத்தை மரம், அதோட உருவம், கிளை போற போக்கு, குடை மாதிரி உடை, விழுது இறங்கின ஆல், கரிசல் மேல விழுற நிழல் - இதெல்லாம்னா கருப்பு வெள்ளை, 850. இதுல டெக்னிக்கலாவும் ஒரு லாபம்: மூணு சேனலும் ஒரே தகவல்ங்கிறதால நிறத்தைக் கணக்குப் போட்டு இட்டு நிரப்புற வேலை இல்லாமலே ஒவ்வொரு பிக்சலையும் அப்படியே பயன்படுத்தலாம், அதுக்கான மென்பொருள் இருந்தா. சின்னச் சின்ன வேப்பிலை எல்லாம் தனித்தனியா நிக்கும். நிலத்தைக் காட்டணும், எது உயிரோட இருக்கு எது போயிடுச்சுன்னு படம் சொல்லணும்னா 590, கலர். ஆனா வானத்தை நீலமாக்கிச் சமாதானம் பண்ற வேலை கிடையாது. இலை மஞ்சளா இருக்கட்டும், வானமும் கொஞ்சம் விகாரமாவே இருக்கட்டும். சில சமயம் சேனல் மாத்தாமலே விட்டுடறேன். பழுப்பு வானத்துக்குக் கீழே நீலம் பாரிச்ச பனை. அழகுன்னு சொல்ல முடியாது. யாரும் காஷ்மீர்னு சொல்ல மாட்டாங்க.

நடுவுல இருக்கிற 720 கலரை நான் விட்டுட்டேன். சிவப்பு ஒளி அதுல ரொம்பக் கம்மியா வர்றதால காவோலைக்கும் பச்சை ஓலைக்கும் வித்தியாசம் சரியாக் காட்டாது. ஆனா கலர் மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் நஷ்டம். இது பிடிச்சுப் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க, சண்டைக்கு வரலாம்.

முயற்சி பண்ணப் போறவங்களுக்கு வேகமா சில விஷயம். கேமராவைப் பிரிச்சு அந்தத் தடுப்புக் கண்ணாடியை எடுக்கிறது செலவு, அதுக்கப்புறம் அது சாதாரணக் கேமராவா இருக்காது. பழைய பாடி ஒண்ணு சும்மா கிடந்தா அதை மாத்துங்க. மாத்தாமலே லென்ஸ் முன்னாடி 720 ஃபில்டர் போட்டும் எடுக்கலாம். கருப்பு வெள்ளைக்கு அது போதும். ஆனா ஒவ்வொரு படத்துக்கும் பல செகண்ட் ஆகும், ட்ரைபாட் வேணும். ஆடி மாசக் காத்துல இலை எல்லாம் புகையாப் போயிடும், அந்த மாசம் விட்டுடுங்க. ஃபோகஸ் கொஞ்சம் தள்ளிப் போகும், திரையில பெருசாக்கிப் பார்த்து வைங்க. சில லென்ஸ்ல நடுவுல வெளுப்பா ஒரு வட்டம் விழும், அதுக்கு மருந்து வேற லென்ஸ்தான். ஒயிட் பேலன்ஸைக் கேமராவுலயே பச்சை இலையைக் காட்டி வெச்சுடுங்க. கம்ப்யூட்டர்ல பார்த்துக்கலாம்னு விட்டா, நிறைய மென்பொருள்ல ஸ்லைடர் கீழே முட்டி நின்னுடும், படம் சிவப்பாவே இருக்கும். தண்ணி பாட்டில் ரெண்டு. தொப்பி. பன்னிரண்டு மணி கரிசல் வெயில் விளையாட்டு இல்லை.

ஒரு விஷயம் மட்டும் ரெண்டுலயும் தீரலை. உயிரோட இருக்கிற சீமைக் கருவேலமும் உயிரோட இருக்கிற வேம்பும் கருப்பு வெள்ளையில ஒரே வெள்ளை, 590ல ஒரே மஞ்சள். இலைன்னா இலை, அதுக்கு மேல கேமராவுக்கு எதுவும் தெரியாது. செயற்கைக்கோள் படத்தை வெச்சு இந்த மரத்தைக் கணக்கெடுக்கிறவங்க நிறத்தோட சேர்த்து மாசத்தையும் பார்ப்பாங்க. பயிர் அறுத்து, புல்லு காய்ஞ்சு, எல்லாம் வெளுத்த கோடையில, காய்ஞ்ச கண்மாய்க்குள்ள இன்னும் சிவப்பா ஒண்ணு நிக்குதுன்னா அது பெரும்பாலும் என்னன்னு தெரிஞ்சுடும். அதை நானும் பண்ணிப் பார்க்கலாம்னு இருக்கேன். வைகாசியில எடுத்த அதே கண்மாய், அதே கரை, அதே 590, ஒயிட் பேலன்ஸை மாத்தாம அப்படியே பூட்டி வெச்சு, மழை முடிஞ்சு தை மாசம் இன்னொண்ணு. மழை பேஞ்சிருந்தா தண்ணி கருப்பா கிடக்கும், கரையெல்லாம் புல்லு மஞ்சள் ஏறியிருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு முதல்ல சித்தப்பாகிட்டதான் காட்டணும். அவர் என்ன கேட்கிறார்னு பார்த்துட்டு சொல்றேன்.